கந்தப்பர் முடக்கு

கதிரையை நேராகப் பிடித்துக்கொண்டு அந்த ஒடுங்கிய ஒழுங்கையால் போக முடியவில்லை.

நாங்கள் நான்கு பேர் தூக்கியிருந்தோம். கதிரையில் இருந்தவர் மனோன்மணி அக்கா. புங்குடுதீவில் எங்கள் வட்டாரத்து நாவலடி ஒழுங்கையின் நடுப்பகுதியில் அவருடைய வீடு. தலைப்பிள்ளை. சொன்ன நாளுக்கு முன்னரே வலி கண்டுவிட்டது. வாடகைக் கார் சந்தியில் வந்து நின்றது. ஒழுங்கைக்குள் அதனால் நுழைய முடியாது.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. முதல்நாள் பெய்த மழையில் இரண்டு பக்கத்துப் பனையோலை வேலிகளும் ஊறிப்போய்ப் புளித்த வாசம் வீசின. எங்கள் தோள்கள் ஓலையில் உரசின. ஓலை நுனிகள் அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தன. எதிர்வீட்டுக் கந்தப்பரின் வேலியடியில் கதிரை இறுகிச் சிக்கிக்கொண்டது.

“திருப்படாப்பா, பக்கவாட்டிலை திருப்பு,” என்றார் முன்னால் பிடித்திருந்தவர்.

திருப்பினோம். இரண்டு பேர் முன்னும் இரண்டு பேர் பின்னுமாக நண்டு போல நடந்தோம். அதனால் அக்கா சந்தி வரும்வரை வேலியைப் பார்த்தபடியே வந்தார். வேறெதையும் பார்க்க அவருக்கு வழியிருக்கவில்லை.

“கெதியாப் போங்கோடா தம்பியவை,” என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

கார் கடல் தாம்போதியைத் தாண்டி, வங்களாவடியில் திரும்பி, ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. அக்கா பிழைத்துக்கொண்டார். பிள்ளை தங்கவில்லை. சில நாள் கழித்துக் காரோட்டியைச் சந்தியில் கண்டேன். “தாம்போதியிலை பறந்துதான் போனனான் மாஸ்ரர். உங்கடை ஒழுங்கைதான் நேரத்தைத் திண்டுபோட்டுது,” என்றார்.

ஒரு வாசகரின் கேள்வி

யாழ்ப்பாணத்துப் பண்ணையில் தொடங்கிக் குறிகட்டுவான் துறையில் முடியும் தெருவைப் பற்றிச் சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். நயினாதீவு அம்மனைக் கும்பிட ஆண்டுதோறும் போய்வரும் வாசகர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “புங்குடுதீவுக்குள்ளை தெரு நூல் பிடிச்ச மாதிரி வருகுது. ஒரு இடத்திலை மட்டும் ஏன் அப்பிடி வெட்டி வளைஞ்சு முடங்குது? குளமும் இல்லை, கோயிலும் இல்லை. குடிச்சுப்போட்டோ தெருப் போட்டவங்கள்?”

குடித்துவிட்டுப் போடவில்லை. அதைச் சொல்லத்தான் கதிரையில் தொடங்கினேன்.

திகதி போடாமல் எழுதினால் என் கை கூசும். ஆனால் ஒரு திகதியை மூன்று பேரிடம் விசாரித்து மூன்று விடை கிடைத்தால் அதை எழுதாமல் விடுவது என் வழக்கம். இந்தக் கதையில் வரும் ஆண்டுகளுக்கு மூன்றல்ல, ஐந்து விடை கிடைத்தன. ஐம்பதுகளின் கடைசிக்கும் அறுபதுகளின் முதற்பாதிக்கும் இடையில் என்று வைத்துக்கொள்வோம். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதை மட்டும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

தெருவின் போக்கு

புதிதாகச் சேர்ந்த வாசகருக்காகத் தெருவை ஒருமுறை நடந்துவிடுகிறேன்.

யாழ்ப்பாணப் பட்டினத்தின் மேற்கு விளிம்பில், பண்ணையில், தெரு கடலுக்குள் இறங்குகிறது. கடலை நிரவிக் கட்டிய தெருவைத்தான் நாங்கள் தாம்போதி என்போம். மண்டைதீவுச் சந்தியைத் தொட்டு, அல்லைப்பிட்டி மணலைக் கடந்து, வேலணைக்கு வருகிறது. வங்களாவடியில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சரவணை, நாரந்தனை என்று ஊர்காவற்றுறைக்குப் போகும். மற்றது மேற்கே போய் இரண்டாவது தாம்போதியில் ஏறிப் புங்குடுதீவுக்குள் இறங்கும். தீவை ஊடறுத்துக் குறிகட்டுவானில் முடியும். அதற்கப்பால் மோட்டர் வள்ளம்தான்.

இரண்டாவது தாம்போதி வருமுன் எங்கள் தீவார் வேலணைக்குப் போனது கடலுக்குள்ளால். வற்று நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். பெருக்கு நேரத்தில் வள்ளம். பொம்பிளை பார்க்கப் போன ஒரு கூட்டம் வற்றுக்கும் பெருக்குக்கும் நடுவில் அகப்பட்டு, இடுப்பளவு தண்ணீரில் பலகாரத் தட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றதாம். அந்தக் கலியாணம் ஒப்பேறியது. மாப்பிள்ளையை இன்னும் ‘உப்புப் பலகாரம்’ என்றுதான் ஊர் சொல்கிறது.

நான் அந்த நாட்களில் சரவணையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று எழும்பினால் தாம்போதியில் சைக்கிள் ஓடுவது மல்லுக்கட்டு. காற்று பக்கத்தால் வந்து தள்ளும். மூக்குக்கண்ணாடியில் உப்புப் படிந்து, கடலும் தெருவும் ஒரே வெள்ளையாகிவிடும். உருட்டிக்கொண்டு நடப்பேன். ஆனாலும் தாம்போதி அகலமாக இருந்தது. எதிரே பஸ் வந்தாலும் விலத்தலாம். சொந்த ஒழுங்கைக்குள் வந்தால்தான் எதிரே வரும் மாட்டுக்கு நான் வழிவிட்டு நிற்கவேண்டும்.

அரசாங்கத்தின் புதுத் தெரு தாம்போதியடியிலிருந்து எங்கள் சந்திவரைக்கும்தான் தார் கண்டிருந்தது. சந்தியிலிருந்து குறிகட்டுவான் பக்கம் எந்த வழியால் கொண்டுபோவது என்பது அப்போது முடிவாகவில்லை. நாவலடி ஒழுங்கை நேர்வழி. இரு மருங்கும் வீடுகள். மற்றது கடற்கரைப் பக்கத்து வெட்டவெளி. ஆளில்லை, வீடில்லை, தாழையும் உப்புத்தரையும்தான்.

நடக்கிற வேலிகள்

ஒழுங்கை ஆதியில் ஒடுக்கமாக இருக்கவில்லை. அதற்குச் சாட்சி எங்கள் பிள்ளையார். திருவிழாவில் சுவாமி ஒரு காலத்தில் சகடையில் ஏறி, உருண்டு, நாவலடி ஒழுங்கையால்தான் வந்தார். என் தகப்பனார் சகடைக் கயிறு பிடித்தவர். எனக்கு விபரம் தெரிந்த நாளில் சுவாமி தோளில் வந்தார். நான் மீசை வைத்த நாளில், தோளில் வந்தவரும் கந்தப்பர் வீட்டடியில் சற்றுச் சரிந்துதான் வந்தார்.

எப்படி ஒடுங்கியது? வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன் வேலியடைப்பு. பழைய ஓலையைக் கழற்றிப் புது ஓலை வைத்துக் கட்டுவார்கள். வேலிக்கம்பாக நட்டுப் பட்டுப்போன கிளுவைக் கதியாலைப் பிடுங்கிப் புதுக் கதியால் நடுவார்கள். பழைய குழியில் நட ஏலாது, கறையான் இருக்கும் என்பார்கள். ஆகவே குழிக்கு ஒரு கையகலம் தள்ளி நடுவார்கள். ஒழுங்கைப் பக்கமாக. உள்ளுக்குத் தள்ளி நட்டவரை நான் கண்டதில்லை. எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருக்கும் கறையான் வரும்.

எங்கள் வீடு சந்தி முனையில், முருகைக்கல் மதிலோடு. மதில் நடக்காது. அதனால்தான் இந்த விடயத்தில் நான் நியாயம் பேசுவதாக ஊரில் ஒரு குறை உண்டு.

கந்தப்பர் மனோன்மணி அக்காவுக்கு எதிர்வீடு. அறுபதைத் தாண்டியவர். காலையில் எழும்பியதும் முகம் கழுவுமுன் வேலியைச் சுற்றிப் பார்ப்பவர். அவர் வேலியை அரக்கி ஒழுங்கையைப் பிடித்துவிட்டார் என்று அக்காவின் மாமனார் ஒரு காலத்தில் வழக்குப் போட்டார். சாட்சி சொல்ல ஒருவரும் போகவில்லை. போவதென்றால் தங்கள் வேலியைப் பற்றியும் சொல்லவேண்டி வருமே. வழக்குத் தள்ளுபடியானது. மாமனாரும் காலமானார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை, கதை இல்லை. எங்கள் பக்கத்தில் ‘கதை இல்லை’ என்றால் முழுதாக இல்லை. நல்லது கெட்டதுக்குப் போவதில்லை, தெருவில் கண்டால் முகம் பார்ப்பதில்லை.

ஓவசியர் வந்த அன்று

கதிரை தூக்கிய அடுத்த வருடம், பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது ஒழுங்கை முழுக்க வேலியடைப்பு நடந்துகொண்டிருந்தது. பருவமே இல்லாத பருவத்தில். சைக்கிளின் கைபிடி இரண்டு பக்கமும் முட்டியது. இறங்கி, சைக்கிளைப் பின்காலில் நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

“என்ன பெரியம்மா, வேலியடைப்பு முந்திப்போச்சோ?” என்று ஒரு வீட்டு வாசல் படலையில் கேட்டேன்.

“தெரியாதே தம்பி? நாளைக்குத் தெருப் போடுற ஓவசியர் அளக்க வாறாராம். தெருவுக்கு எடுக்கிற காணிக்குக் கவுண்மேந்து காசு குடுக்குதாம்.”

“அதுக்கு?”

“அதுக்கென்ன, எடுக்கட்டும். எங்கடை காணியாக்கிப்போட்டு எடுக்கட்டும்.”

ஊர் முழுவதும் ஒரே கணக்கில் ஒரே மூச்சாக இறங்கிய வேறு காரியம் எனக்கு நினைவில்லை. கோயில் திருப்பணிக்குக்கூட அப்படி ஒற்றுமை இருந்ததில்லை.

ஓவசியர் மறுநாள் வந்தார். வலிகாமத்துக்காரர். மெலிந்த மனிதர், கறுத்த குடை. அளவுச் சங்கிலியை ஒழுங்கைக்குக் குறுக்கே பிடிக்கச் சொன்னார். சங்கிலி நிமிரவே இடமில்லை. இன்னோரிடத்தில் பிடித்தார். அங்கும் இல்லை.

“இது ஒழுங்கையோ, தண்ணி வாய்க்காலோ?” என்றார்.

படலைகளில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். சில கிழமை கழித்துக் கடற்கரை வெளியில் சுண்ணாம்பு பூசிய முளைகள் வரிசையாக நின்றன. தெரு அந்தப் பக்கத்தால் போகப் போகிறது. எங்கள் ஒழுங்கைக்கு ஒரு சல்லியும் இல்லை. காசும் இல்லை, கல்லும் இல்லை. மிஞ்சியது முன்னைவிட ஒடுங்கிய ஒழுங்கை மட்டும்.

சண்டை தொடங்கியது. நீ அரக்கினாய், நான் அரக்கினேன் என்று. பின்வாங்க மட்டும் ஒருவரும் தயாராயில்லை. “அவன் தள்ளட்டும், நான் தள்ளுறன்,” என்று இரு பக்கமும் ஒரே வசனம்.

தடி

மனோன்மணி அக்கா அப்போது மறுபடியும் வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். கணவருக்குத் தெற்கே ஒரு மலைப்பட்டணத்தில் கடை. பொங்கலுக்கும் அம்மன் திருவிழாவுக்கும் வருவார். வீட்டில் அக்காவும் அவருடைய தாயாரும்தான்.

ஒரு நாள் பின்னேரம் அக்கா எங்கள் மதிலடியில் வந்து நின்றார். “தம்பி, உம்மடை சைக்கிளை வச்சிட்டு வாரும். ஓவசியரிட்டைப் போவம். நான் தனியப் போனால் பொம்பிளை பிள்ளைத்தாச்சி எண்டு கதிரை தந்து இருத்திப்போட்டு அனுப்பிப்போடுவார்.”

ஓவசியர் சந்தியில், சல்லிக் குவியலுக்குப் பக்கத்தில், ஓலைக் கொட்டில் போட்டிருந்தார். உண்மையாகவே முதல் வேலையாகக் கதிரை தந்தார். அக்கா இருக்கவில்லை.

“ஐயா, தெரு எங்கடை பக்கத்தாலை வரவேணும்.”

“அம்மா, முளை அடிச்சாச்சு.”

“முளை பிடுங்கலாந்தானே?”

ஓவசியர் என்னைப் பார்த்தார். நான் சல்லியைப் பார்த்தேன்.

“உங்கடை ஒழுங்கையிலை றோலர் வந்தால் ரெண்டு வேலியையும் சுருட்டிக்கொண்டுதான் போகும், அம்மா. வழக்கு வைக்க எனக்கு நேரமில்லை. கடற்கரை வெளியிலை ஒருத்தனும் வழக்கு வைக்கமாட்டான். தாழை வழக்கு வைக்காது.”

“வழக்கு இல்லாமல் அகலம் வந்தால்?”

“எப்பிடி வரும்?”

“அது என்ரை வேலை. உங்களுக்கு எவ்வளவு வேணும்? அதைச் சொல்லுங்கோ.”

ஓவசியர் கொட்டிலுக்குள் போய் நீளமான மூங்கில் தடியொன்றை எடுத்து வந்தார். இரண்டு முனையும் சீராக வெட்டியது.

“இதுதான் எனக்கு வேணும். இந்தத் தடியைக் குறுக்காலை பிடிச்சுக்கொண்டு சந்தியிலை இருந்து ஒழுங்கை முடியுமட்டும் நடக்கவேணும். ஒரு வேலியிலையும் முட்டக்கூடாது. முட்டாமல் வந்தால் நானே முளையைப் பிடுங்கிறன். மாரிக்கு முன்னம்.”

“நடக்கிறது ஆர்?”

“ஆரும் நடக்கலாம்.”

“அப்ப நான் நடக்கிறன்,” என்றார் அக்கா.

தடியை நான்தான் தோளில் தூக்கி வந்தேன். ஒழுங்கைக்குள் நீட்டுப்பாட்டில்தான் கொண்டுவர முடிந்தது. குறுக்கே திருப்பியிருந்தால் இரண்டு பக்கத்து வீட்டு வளவுக்குள்ளும் போய் நின்றிருக்கும்.

உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்

வேலி கட்டுவது தனி ஆளால் முடிகிற வேலை அல்ல. வளவுக்குள் ஒருவர் நிற்கவேண்டும், வெளியே ஒருவர் நிற்கவேண்டும். குத்தூசி என்று ஒரு நீண்ட மர ஊசி. கயிற்றைக் கோத்து உள்ளேயிருந்து ஓலைக்குள்ளால் வெளியே குத்த, வெளியே நிற்பவர் வாங்கி இழுத்துத் திருப்பிக் குத்துவார். அடைப்புக் காலத்தில் ஒழுங்கை முழுக்க “குத்து”, “இழு”, “இறுக்கு” என்று கேட்டபடி இருக்கும்.

அக்கா இதைப் பிடித்துக்கொண்டார். வீடு வீடாகப் போனார். தடியின் ஒரு முனையில் நான், மறு முனையில் அவர். எதிரெதிர் வீட்டுக்காரர் இருவரையும் ஒரே நேரத்தில் படலைக்குக் கூப்பிட்டார்.

“ரெண்டு பேரும் ஒரே நாளிலை கழட்டுங்கோ. உங்கடை வேலிக்கு வெளியிலை நிக்கிறது அவர். அவரின்ரை வேலிக்கு வெளியிலை நிக்கிறது நீங்கள். தடி நடுவிலை கிடக்கும். பிறகு ஆர் ஆரை ஏமாத்திறது?”

ஒருவரையொருவர் நம்பாத மனிதர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. எதிரியின் வேலியைக் கண்ணெதிரே பின்னுக்குத் தள்ளும் இன்பத்துக்காகவே சிலர் தங்களுடையதைத் தள்ளச் சம்மதித்தார்கள். ஒரு பெரியவர் எதிர்வீட்டு வேலியை அன்றைக்கு எவ்வளவு கவனமாக இறுக்கிக் கட்டினார் என்றால், சொந்த வேலியைக்கூட அப்படிக் கட்டியிருக்கமாட்டார். அது மறுபடி ஒழுங்கைக்குள் நகராமல் இருக்கவேண்டுமே.

சந்தியிலிருந்தும் மறுமுனையிலிருந்தும் ஒழுங்கை அகன்று வந்தது. நடுவில் இரண்டு வீடுகள் மிஞ்சின.

கதை இல்லாதவர்களின் கதை

கந்தப்பர் தன் படலைக்கு உள்ளே நின்றார். அக்கா ஒழுங்கையில் நின்றார். இருவருக்கும் நடுவே ஒரு முழத்துக்கு மேலிராது. ஆனால் கதை இல்லை. ஆகவே இருவரும் என்னைப் பார்த்துப் பேசினார்கள்.

“தம்பி, அவருக்குச் சொல்லும், எல்லாரும் தள்ளியாச்செண்டு.”

நான் வாயைத் திறக்குமுன் கந்தப்பர், “மாஸ்ரர், எனக்குக் காது கேக்கும் எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லும். இது கோட்டிலை வழக்கு வெண்ட வேலி. இப்ப தள்ளினால் அண்டைக்கு அரக்கினனான் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி.”

“தம்பி, அவரை ஆரும் ஒத்துக்கொள்ளச் சொல்லேல்லை. வழக்குப் போட்டவரும் செத்துப்போனார்.”

“அதுதான் மாஸ்ரர்! செத்தவரிட்டை நான் தோக்கிறதோ? உயிரோடை இருக்கேக்கையே தோக்கேல்லை.”

அக்கா வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: “தம்பி, போன முறை கதிரை இந்த இடத்திலைதான் சிக்கினது. அவருக்குத் தெரியுமோ எண்டு கேளும்.”

கந்தப்பர் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே செருமுகிற சத்தம் கேட்டது.

“அந்தாள் தள்ளாது,” என்றேன்.

“ஓம். தள்ளாது,” என்றார் அக்கா. தடியின் ஒரு முனையைக் கந்தப்பரின் வேலியில் படும்படி வைக்கச் சொன்னார். மறுமுனை எங்கே போகிறது என்று பார்த்தார். அது அவருடைய வேலியைத் தாண்டி, வளவுக்குள் போய், குசினிச் சுவரில் இடித்து நின்றது.

எங்கள் பக்கத்து வீடுகளில் சமையல் செய்யும் குசினி தனிக் கட்டடம். அக்காவின் குசினி ஒழுங்கைப் பக்கம் இருந்தது. மண்சுவர், மேலே ஓலைக்கூரை. கலியாணமாகி வந்த வருடம் தானும் தாயாருமாகக் குழைத்து எழுப்பிய சுவர்.

“அக்கா, அது குசினி,” என்றேன், அவருக்குத் தெரியாதது போல.

“அடுப்பை எங்கை வச்சாலும் எரியும், தம்பி. நாளைக்கு ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாரும்.”

“அண்ணைக்கு ஒரு சொல் சொல்லவேண்டாமோ?”

“வந்து பாக்கட்டும்.”

மறுநாள் கூரையைப் பிரித்தோம். புகை ஏறிய ஓலை கறுத்து, தொட்டால் பொடியாகியது. சுவரை இடித்தபோது அக்கா பக்கத்தில் நின்று அடுப்புக் கல் மூன்றையும் தானே எடுத்து வைத்தார். எதிர்ப் படலையின் ஓலை இடுக்கில் கந்தப்பர் நிற்பது தெரிந்தது. சுவர் விழுந்த புழுதி அவருடைய வளவுக்குள்ளும் போனது. அவர் அசையவில்லை.

அன்றிலிருந்து பிள்ளை பிறக்கும்வரை அக்காவீட்டுச் சமையல் பின்வளவில், பனையடியில், ஒரு ஓலைச் சார்ப்பின் கீழே நடந்தது. கணவர் திருவிழாவுக்கு வந்தபோது, சொந்த வீட்டைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்து, “எங்கடை படலை எங்கையப்பா?” என்று ஒழுங்கையில் நின்று கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். குசினி இருந்த இடத்தைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அது வேறு கதை. அதிலும் அக்காதான் வென்றார்.

நடை

வாடைக்காற்று தொடங்கிய ஒரு காலையில் ஓவசியர் வந்தார். கறுத்த குடை மடித்தபடி. ஊர் முழுவதும் படலைகளில் நின்றது.

அக்காவுக்கு மாதம் நெருங்கியிருந்தது. தாயார் கெஞ்சிப் பார்த்தார், வேறு யாராவது பிடிக்கட்டும் என்று. அக்கா தடியின் நடுவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மூங்கில் பாரமில்லைத்தான். ஆனால் நீளம். காற்று அடிக்க முனைகள் ஆடின. கொஞ்சம் ஆடினாலும் வேலியில் படும்.

நடந்தார். ஒவ்வொரு வீட்டையும் கடக்கும்போது அந்த வீட்டுக்காரர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார், தன் வேலி மெலியும் என்பது போல. நான் ஒரு பக்கம், ஓவசியர் மறுபக்கம், முனைகளைப் பார்த்தபடி நடந்தோம். அக்காவின் நெற்றியில் வேர்வை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் வீடு வந்தது. அங்கே ஒழுங்கை அவருடைய வளவுக்குள் முடங்கிப் போகிறது. குசினி நின்ற இடத்தில் கால் வைத்தார். தடியின் வலமுனை புது வேலியை விலத்தியது. இடமுனை கந்தப்பரின் வேலியோரம் போய், ‘சரக்’ என்றது.

வேலியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஓர் ஓலைச் சிறகு.

“முட்டிப்போட்டுது,” என்றார் ஓவசியர். மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

அக்கா தடியை இறக்கவில்லை. அப்படியே நின்றார். திருப்பவும் இல்லை, சரிக்கவும் இல்லை.

கந்தப்பரின் படலை திறந்தது. வெளியே வந்தார். ஓவசியரை ஏற இறங்கப் பார்த்தார்.

“எது முட்டினது?”

“வேலி.”

“உது வேலியில்லை. ஓலை.” அந்தச் சிறகைப் பிடித்து ஒரே இழுவையில் கிழித்தெடுத்தார். “வேலி என்ரை. அது நிண்ட இடத்திலைதான் நிக்குது. கோட்டிலை வெண்ட இடத்திலை. ஓலை காத்துக்கு ஆடும். அதுக்கு நான் என்ன செய்ய?”

ஓவசியர் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். “ஓலை கணக்கில்லை,” என்றார்.

கந்தப்பர் அக்காவின் பக்கம் திரும்பினார். என் பக்கம் பார்க்கவில்லை.

“நட, பிள்ளை,” என்றார்.

அக்கா நடந்தார்.

பிறகு

முளைகள் பிடுங்கப்பட்டன. தெரு வருவதற்கு முன் பிள்ளை வந்தது. இம்முறை வாடகைக் கார் படலைக்கே வந்து நின்றது. கதிரை வேண்டியிருக்கவில்லை, அக்கா நடந்து வந்து ஏறினார். காரோட்டி திருப்ப முயன்றபோது கந்தப்பர் வேலியடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்: “பாத்து எடடா! என்ரை வேலியிலை முட்டினால் கோட்டுக்கு இழுப்பன்! பாத்து… கெதியா எடன்ரா!”

பெண் பிள்ளை. தாயும் மகளுமாகத் திரும்பி வந்தபோதும் கார் படலைக்கே வந்தது.

மாரி முடிந்து றோலர் வந்தது. சல்லியும் தாரும் விழுந்தன. ஓவசியர் அந்த இடத்தில் தெருவை நிமிர்த்திப் போட எவ்வளவோ யோசித்தார். நிமிர்த்துவதென்றால் கந்தப்பரோடு கோட்டுக்குப் போகவேண்டும். கடைசியில் தடி போன வழியிலேயே தார் ஊற்றினார்.

கந்தப்பருக்கு அது பெரிய விருது. அரசாங்கத் தெருவே தன் வேலிக்கு வளைந்துபோகிறது என்று சாகும்வரை சொல்லித் திரிந்தார். பஸ் ஓடத் தொடங்கியபோது கொண்டக்டர்மார் தரிப்பிடத்துக்கு ஒரு பெயர் தேடினார்கள். யாரைக் கேட்டார்களோ, ‘கந்தப்பர் முடக்கு’ என்றே ஆகிவிட்டது. குறிகட்டுவானுக்குப் போகும் யாத்திரிகர்களுக்கும் இன்று அந்தப் பெயர் தெரியும்.

வரலாறு பிழைபடுவதை என்னால் பொறுக்க முடியாது. சென்ற மாதம் அக்காவிடம் போயிருந்தேன். தலை நரைத்துவிட்டது. குரல் அப்படியே இருக்கிறது. தெருவைப் பற்றித் தொடர் எழுதுகிறேன், அந்தப் பெயரைத் திருத்தவேண்டும், உங்கள் பெயர்தான் நியாயம் என்றேன்.

“விசரே தம்பி உமக்கு?” என்றார். “பேர் அந்தாளுக்கு இருக்கட்டும். இல்லாட்டி எழும்பி வந்து வழக்கு வைக்கும்.”

அப்போது சந்திப் பக்கமிருந்து ஹோர்ன் சத்தம் கேட்டது. பின்னேர பஸ். வேலணையில் படிப்பிக்கும் மகள் அதில் வருவாள். முடக்கு வருவதால் சாரதி வேகத்தைக் குறைத்தார். பஸ் முனகிக்கொண்டு திரும்பியது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் சாய்வது யன்னலூடாகத் தெரிந்தது. ஏன் சாய்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

அக்கா எழுந்து படலைக்குப் போனார். போகும்போது திரும்பிப் பாராமலே சொன்னார்:

“ஒவ்வொரு நாளும் என்ரை அடுப்புக்கு மேலாலைதான் வாறாள்.”